பத்து ரூபாய் பாட்டிலும் ஒரு கை தட்டைப்பயறும்

காட்டில் ஆள் விட்டு வேலை செய்கிறவனுக்குத் தினமும் ஒரு கணக்கு உண்டு. கூலிக் கணக்கைச் சொல்லவில்லை. அது ஊருக்கே ஒன்றுதான், நான் தனியாகக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நான் சொல்வது பதினோரு மணிக் கணக்கு. காலையில் எட்டரை மணிக்குக் கடலைக்காட்டில் குனிந்த பொம்பளையாளுகளுக்குப் பதினோரு மணிக்கு என்ன கொடுப்பது?

எங்க பக்கம், காங்கேயம் தாராபுரம் வட்டாரத்தில், என் சின்ன வயசில் மோரோ கம்மங்கூழோதான் வரும். பிறகு டீயும் வடையும் ஆச்சு. இப்போது மாசி பிறந்துவிட்டால் போதும், டீ வேண்டாம் என்றாகிவிடுகிறது. "இந்த வெய்யில்ல டீ ஆருங்க குடிக்கறது, கலர் வாங்கியாங்க" என்பார்கள். கலர் என்றால் கூல்ட்ரிங்க்ஸ். கருப்பு, ஆரஞ்சு, மாம்பழம், எலுமிச்சை என்று நாலு நிறம். எல்லாம் பத்து ரூபாய். பத்து ஆளுக்கு நூறு ரூபாய், கூட ஆளுக்கொரு பன். வண்டியை எடுத்துக்கொண்டு போனால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. காடு வைத்திருக்கிறவனுக்கும் சுலபம், ஆளுகளுக்கும் சந்தோஷம்.

எனக்குக் கையில் கிடைக்கிற எதையும் திருப்பிப் படிக்கிற பழக்கம் உண்டு. விதைப் பாக்கெட், உர மூட்டை, மருந்து டப்பா எதையும் விடமாட்டேன். எங்க வீட்டில் "இன்னும் தீப்பெட்டிதான் பாக்கி" என்று கிண்டல் செய்வார்கள். அப்படித்தான் பாட்டிலின் பின்பக்கத்தையும் படித்தேன். பொடி எழுத்து. கண்ணாடி போட்டும் வெயிலில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. புரதம்: 0. கொழுப்பு: 0. மாவுச்சத்து என்று ஒரு எண், அதற்குக் கீழே சர்க்கரை என்று அதே எண். அதாவது உள்ளே இருக்கிற சத்து முழுக்கச் சர்க்கரை மட்டும்தான். பெரும்பாலான கருப்புக் கலரில் 100 மில்லிக்குப் பத்தரை, பதினொரு கிராம். மாம்பழச் சாறு என்று விற்பதில் அதைவிடவும் கூட. மற்றபடி வாயு, அமிலம், நிறம், வாசனை. கருப்பில் கொஞ்சம் காஃபின்.

200 மில்லி பாட்டில் என்றால் 21, 22 கிராம் சர்க்கரை. தேக்கரண்டியில் அள்ளினால் நாலு கரண்டிக்கு மேல். வீட்டில் ஒரு டம்ளர் காபிக்கு நாலு கரண்டி போட்டுக் கொடுத்தால் யாராவது குடிப்பார்களா? துப்பிவிடுவார்கள். ஜில்லென்று இருப்பதாலும், அமிலம் சேர்ந்திருப்பதாலும், வாயு சுருக்கென்று ஏறுவதாலும் அந்தத் தித்திப்பு நாக்குக்கு முழுசாகத் தெரிவதில்லை. நம்பாதவர்கள் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்து, வாயு போய்ச் சூடானபிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பாகு மாதிரி இருக்கும்.

இதைப் படித்த அன்றைக்குக் காட்டில் இருந்தது கடலையும், நாலு வரிசைக்கு ஒரு வரிசை தட்டையும். மானாவாரிக் கடலையில் தட்டை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு போடுவது எங்க அப்பாரு காலத்து வழக்கம். சிலர் இப்போது விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை. கடலை ஏமாற்றினால் தட்டை கொஞ்சம் கொடுக்கும், தட்டை ஏமாற்றினால் ஆடு மாட்டுக்குக் கொடியாவது மிஞ்சும். அந்தத் தட்டைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து எங்க ஆளுகள் சர்க்கரைத் தண்ணியைக் குடிக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது அப்போதுதான்.

டவுனில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பயறு என்று நான் சொன்னால் "நாங்களும் வாரம் மூணு நாள் பீன்ஸ் பொரியல் சாப்பிடறோம்" என்று ஒரு உறவுக்காரப் பையன் போனில் சொன்னான். அது வேற கண்ணு. ஊட்டிப் பக்கத்திலிருந்து வருகிற பச்சை பீன்ஸ் நல்ல காய்தான், ஆனால் அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். 100 கிராம் காயில் புரதம் இரண்டு கிராம் அளவுக்குத்தான் வரும். நான் சொல்வது நெற்றில் முற்றிக் காய்ந்து, அடித்து, புடைத்து எடுத்த பயறு. தட்டை, மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, உங்க ஊர்க் கடையில் விற்கிற ராஜ்மா எல்லாம் அதில் சேர்த்தி. காய்ந்த தட்டைப்பயறு 100 கிராமில் புரதம் 20 கிராமுக்குக் குறையாது, சில ரகத்தில் 24 வரை போகும். நார்ச்சத்து 11 கிராம் அளவுக்கு. இரும்புச்சத்து ஐந்து, ஆறு மில்லிகிராம், ரகத்தைப் பொறுத்துக் கூடவும் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்களே ஃபோலிக் அமிலம், அதன் இயற்கை வடிவமும் இதில் நிறைய உண்டு. கொள்ளு என்றால் கால்சியமும் கூடுதல்.

பாட்டிலின் கணக்கை மறுபடி எடுங்கள். பத்து ரூபாய்க்கு 85 கலோரி சொச்சம், புரதம் பூஜ்யம், நார் பூஜ்யம், இரும்பு பூஜ்யம். கடையில் தட்டைப்பயறு கிலோ நூறு ரூபாய் என்று வைத்தால் அதே பத்து ரூபாய்க்கு 100 கிராம். 320 கலோரிக்கு மேல், 20 கிராம் புரதம். ஆனால் 100 கிராம் காய்ந்த பயறை ஒரு ஆள் ஒரே நேரத்தில் தின்ன முடியாது. வெந்தால் இரண்டே கால், இரண்டரை மடங்கு ஆகிவிடும். ஆளுக்கு 50 கிராம் போதும். வெந்து ஒரு கிண்ணம் வரும். அதில் பத்து கிராமுக்கு மேல் புரதம், கிட்டத்தட்ட ரெண்டு முட்டையில் இருக்கிற அளவு. ஒரு சராசரிப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்று ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020-ல் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். கால்வாசி அந்தக் கிண்ணத்திலேயே வந்துவிடுகிறது. விலை ஐந்து ரூபாய். கேஸும் எண்ணெயும் தாளிப்பும் சேர்த்தால் ஏழு, எட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதிப் பார்த்தபோது கணக்கு அழகாகத்தான் இருந்தது. அதை ஆளுகளிடம் கொண்டுபோய்ச் சொன்னபோதுதான் நிஜக் கணக்கு ஆரம்பித்தது.

களையாளுகளில் மூத்த அக்கா ஒருத்தர் இருக்கிறார். அறுபதுக்கு மேல் வயசு. எங்க அம்மா காலத்திலிருந்து எங்க காட்டுக்கு வருகிறவர், என்னைத் தூக்கி வளர்த்தவர் என்றே சொல்லலாம். பயறு வேகவைத்துக் கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஏனுங் தம்பி, தாகத்துக்குத் தண்ணி கேட்டா திங்கறதுக்குப் பயறு தர்றேங்கறீங்களே. அத தின்னுபோட்டு வெய்யில்ல குனிஞ்சா வகுறு உப்புசமாயிருங்க."

நியாயமான பேச்சு. சோறும் தண்ணியும் ஒன்றா? நான் பயறையும் பாட்டிலையும் ஒரே தராசில் வைத்தது புத்தகத்துக்குச் சரி, காட்டுக்குச் சரியா? அதனால் தாகத்தின் பக்கத்தையும் தேடிப் பார்த்தேன். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தருகிறார்களே, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கினால் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம். கொஞ்சம் சர்க்கரை இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணியையும் சீக்கிரம் உறிஞ்சும், அதற்காக அந்த அளவு. நம்ம பாட்டிலில் ஒரு லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை, கிட்டத்தட்ட எட்டு மடங்கு. உப்போ பேருக்குத்தான். வேர்வையில் போனது தண்ணியும் உப்பும். திரும்பக் கிடைப்பது சர்க்கரை. அவ்வளவு கெட்டியான சர்க்கரைத் தண்ணி குடலில் மெதுவாகத்தான் இறங்கும். குடித்த பத்து நிமிஷத்துக்கு ஜில்லென்று இருக்கும், அரை மணி நேரத்தில் மறுபடி நாக்கு வறளும். "அதென்னமோ நெசந்தானுங்க, குடிச்சா மறுக்காத் தவிக்குது" என்று அக்காவே ஒத்துக்கொண்டார். ஆக பாட்டிலோடு நேருக்கு நேர் நிறுத்த வேண்டியது பயறை மட்டும் இல்லை. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு, கூடப் பயறு ஒரு கிண்ணம். இரண்டும் சேர்ந்தால்தான் ஜோடி.

அப்படியும் அக்காவுக்கு மனசில்லை. பிறகு ஒரு நாள் தனியாக இருக்கும்போது சொன்னார். அதை இங்கே எழுதலாமா என்று ரெண்டு வாரம் யோசித்தேன். அவரிடமே கேட்டேன், "எழுதிக்கங்க, பொய்யா?" என்றார்.

அவர் சின்னப் பிள்ளையாக வேலைக்கு வந்த காலத்தில் மோர் வாங்குவதென்றால் கையைக் குவித்துக் குனிந்து வாங்க வேண்டும், இல்லையென்றால் கொட்டாங்குச்சி. டீக்கடையில் தனி டம்ளர், குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். எந்தச் சட்டியில் ஆக்கினது, யார் ஊற்றுவது, எதில் வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கட்டியிருந்தது. "பாட்டல்ல அந்த வம்பே இல்லீங்களே. மூடி போட்டு வருது. நீங்க குடிக்கறதும் அதேதான், நாங்க குடிக்கறதும் அதேதான். ஒரே ஐஸ் பொட்டி."

பாட்டிலின் பின்பக்கத்தில் இது அச்சடிக்கப்படவில்லை. சத்துப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு "ஏன் இந்த ஜனங்கள் காசைக் கொடுத்து நோயை வாங்குகிறார்கள்" என்று டவுனில் உட்கார்ந்து கேட்பது சுலபம். நம்ம ஆட்கள் முகநூலில் தினமும் கேட்கிறார்கள். வேகவைத்த பயறையும் சொம்பு மோரையும் "பாரம்பரியம்" என்று நாம் கொண்டாடுகிறோம். அதே சொம்பு வேறொருத்தருக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. பழையதைத் திரும்பக் கொண்டு வருகிறேன் என்று யாராவது கிளம்பினால், எந்தப் பழையதை என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

அதனால் நான் செய்தது சின்ன விஷயம். எங்க வீட்டில் நாங்கள் சாப்பிடுகிற எவர்சில்வர் கிண்ணங்களையும் டம்ளர்களையுமே எடுத்துக்கொண்டு போனேன், நானும் அவர்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதே தூக்குப்போசியிலிருந்து போட்டுத் தின்றேன். எங்க அம்மா முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் சொன்னது. ரெண்டாம் நாள் "உப்பு போதுமானு கேட்டியா?" என்றார். அதற்கு மேல் இதில் பெருமையடிக்க எதுவும் இல்லை. இதை எப்போதோ செய்திருக்க வேண்டிய ஊர் இது.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வயசுப் பெண், ரெண்டு பிள்ளைகள். காலையில் ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகளைக் கிளப்பி, சோறாக்கி, டிபன் கட்டிவிட்டு ஓடி வருவார். தான் சாப்பிடுவதில்லை. பதினோரு மணிக்குப் பாட்டில், ஒரு பன். மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்த்தான் சோறு. பாட்டிலில் இருக்கிற சர்க்கரை பசியை அமுக்கிவிடும், அதனால் சாப்பிடாதது தெரியாது. ஒரு நாள் களைக்கொத்தோடு நிமிர்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணைக் கட்டுகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதில் ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று சொன்னார்கள். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். எங்க ஊரில் இது அதிசயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்றுதான் வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருக்கிற களையாளுகள் எத்தனை பேர் எட்டோடும் ஒன்பதோடும் குனிந்துகொண்டிருக்கிறார்களோ.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இதை வேறு மாதிரி எழுதுகிறவர்கள் நிறைய. பயறு தின்று எட்டைப் பன்னிரண்டாக்க முடியாது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். நம்ம ஒரு கிண்ணத்தில் வருவது மூன்று மில்லிகிராம் பக்கம், அதிலும் பயறில் இருக்கிற இரும்பை உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். ரத்தம் இறங்கிப்போனவருக்கு மாத்திரைதான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே தருகிறார்கள். அவருக்கும் தந்திருந்தார்கள், முன்பே ஒரு முறை. "வெறும் வயித்துல போட்டா கொமட்டுதுங்க, மலம் கருப்பாப் போவுது, பயந்து விட்டுட்டன்" என்றார். இதுதான் விஷயம். காலையில் சாப்பிடாதவர் மாத்திரையை எங்கே போடுவார்? கருப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று கிராம செவிலியர் வந்து சொன்னபிறகு மறுபடி ஆரம்பித்தார். பதினோரு மணிக்குப் பயறில் எலுமிச்சை பிழிந்து தின்றுவிட்டு மாத்திரையைப் போடுவது என்று ஒரு ஏற்பாடு. எலுமிச்சைப் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். டீ அதைக் கெடுக்கும், அதனால் டீ அப்போது கிடையாது. மூன்று மாசம் கழித்துப் பார்த்ததில் பத்துக்குக் கொஞ்சம் கம்மி. மாத்திரைதான் ஏற்றியது, பயறு ஏற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். பயறு செய்ததெல்லாம் வயிற்றில் ஒரு அடிப்படை போட்டது, அவ்வளவுதான். பாட்டிலால் அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு பேர் இன்றைக்கும் கலர்தான் கேட்கிறார்கள், வாங்கித் தருகிறேன். உடம்பு அவர்களுடையது, பத்து ரூபாயும் அவர்கள் வேலைக்கு வந்த கணக்கில் சேர்ந்தது. என் வேலை பாட்டிலைப் பிடுங்குவதில்லை. மற்ற ஆறேழு பேர் வாரத்தில் நாலு நாள் பயறு, ஒரு நாள் "இன்னிக்கி ஒரு நாளைக்கு மட்டும் ஜில்லுனு" என்கிற கணக்கில் நிற்கிறார்கள். எனக்கும் அந்த ஒரு நாள் பிடிக்கத்தான் செய்கிறது. எலுமிச்சை நிறக் கலர் என்றால் நானும் ஒன்று எடுத்துக்கொள்வேன்.

நாட்டுச் சரக்கு என்றால் பரவாயில்லை என்று ஒரு பேச்சு உண்டு. தமிழ்நாட்டுக்கு இது புதுசில்லை. விருதுநகரில் காளிமார்க் கம்பெனி 1916-லேயே ஆரம்பித்தது. கோலி சோடா இல்லாத தேர்த்திருவிழா ஏது? கோக்கோ கோலா 1977-ல் நாட்டை விட்டுப் போய், 1993-ல் திரும்பி வந்தது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், வெளிநாட்டுக் குளிர்பானங்களை மார்ச் 1 முதல் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. எங்க ஊர்க் கடைக்காரரும் எடுத்து உள்ளே வைத்தார். அந்த இடத்தில் உள்ளூர்க் கலர் வந்து உட்கார்ந்தது. ஆற்றுத் தண்ணி யாருக்கு, லாபம் எந்த ஊருக்கு என்கிற கேள்வியில் எனக்கும் உள்ளூர்க்காரர் பக்கம்தான் மனசு. ஆனால் உடம்புக்குள் போனபிறகு சர்க்கரைக்கு ஊர் பேர் கிடையாது. இதிலும் அதே நாலு கரண்டிதான்.

வரிக் கணக்கைப் பார்த்தால் அரசாங்கத்துக்கும் இது தெரியும் போலிருக்கிறது. வாயு அடைத்த இனிப்புக் கலருக்கு 2017-லிருந்தே வரி 40 சதவீதம். மூட்டையிலிருந்து அளந்து விற்கிற பயறுக்கு வரியே கிடையாது. 40 சதவீதம் கட்டியும் பாட்டில் பத்து ரூபாய்க்கு எப்படி வருகிறது? சர்க்கரையும் தண்ணியும் அவ்வளவு மலிவு. அதுவும் மாசக்கணக்கில் கெடாது. எங்க தட்டைப்பயறு அப்படியா? அடித்து மூட்டை கட்டின மறுமாசமே வண்டு துளைத்துவிடும். செம்மண்ணைக் குழைத்துப் பயறில் பூசிக் காயவைத்து அடுக்குப்பானையில் கொட்டுவார் எங்க அப்பத்தா. அந்தப் பயறு அடுத்த வெள்ளாமை வரைக்கும் முழுசாக இருக்கும். இப்போது செம்மண் கட்டுவதற்கு யாருக்கும் நேரமில்லை, அதனால் அடித்த வாரத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டுவிடுகிறோம். நாங்கள் அறுபதுக்குப் போட்டது டவுன் கடையில் நூறைத் தாண்டும். பிறகு சுண்டலுக்கு வேண்டுமென்றால் நாங்களே கடையில் போய் வாங்குகிற கூத்தும் உண்டு.

1951-ல் நம்ம நாட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் பருப்பு, பயறு கிடைத்தது என்பது அரசாங்கக் கணக்கு. ஐம்பது வருஷத்தில் அது பாதியாகிப்போனது. நெல்லும் கோதுமையும் தண்ணியும் உரமும் வாங்கிக்கொண்டு பெருகின, பயறு மேட்டாங்காட்டில் ஒதுங்கிவிட்டது. பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, பழைய அளவைத் தொடவில்லை. 2016-ஐ ஐநா சபை பயறுகளின் ஆண்டு என்று அறிவித்தது கூட எங்க பக்கம் விவசாய ஆபீசில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். தட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகும் மிளகுமாக முண்டு முண்டாக இருக்கும். அதற்குள் இருக்கிற பாக்டீரியா காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, அறுத்தபிறகு வேரும் சருகும் மண்ணுக்குக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகிறது. யூரியா மூட்டை வாங்குகிறவனுக்கு இதன் அருமை தெரியும். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

விருந்தாளி வந்தால் மட்டும் எங்க ஊர் இன்னும் மாறவில்லை. போன மாசம் பெண் பார்க்க வந்த வீட்டாருக்கு, பக்கத்து வீட்டில் ரெண்டு லிட்டர் பாட்டிலை உடைத்து ஊற்றினார்கள். அந்த வீட்டுப் பெரியவருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. வந்தவர்களில் ரெண்டு பேருக்கும் இருக்கிறதாம். டம்ளரைக் கையில் வாங்கி, மரியாதைக்கு உதட்டில் வைத்து, கீழே வைத்தார்கள். தட்டைப்பயறுச் சுண்டல் வைத்திருந்தால்? "பயறைப் போட்டு அனுப்பீட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். சுண்டல் சாமிக்கு நைவேத்தியமாக வைக்கலாம், சம்பந்திக்கு வைக்க முடியாது. இதை எந்தக் கணக்கு நோட்டால் மாற்றுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கேட்டவர்களுக்காக எங்க வீட்டுப் பக்குவம். இரவு படுக்கும்போது தட்டைப்பயறைக் கழுவி ஊறப்போடுங்கள், ஆளுக்கு ஒரு கைப்பிடி. காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிவிடுங்கள், உப்புசம் பாதி அதிலேயே போய்விடும். புதுத் தண்ணி ஊற்றிக் குக்கரில் மூன்று விசில், பழைய பயறென்றால் நாலு. உப்பை வெந்தபிறகு போடுங்கள். கடலெண்ணெயில் கடுகு, வரமிளகாய், கருவேப்பிலை, தட்டின பூண்டு நாலு பல், ஒரு சிட்டிகை பெருங்காயம். தேங்காய் இருந்தால் துருவிப் போடலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. எலுமிச்சையை அடுப்பை அணைத்தபிறகுதான் பிழிய வேண்டும். பயறில் குறைகிற ஒரு அமினோ அமிலம் அரிசியிலும் கம்பிலும் இருக்கிறது, அங்கே குறைவது பயறில் இருக்கிறது. அதனால் மிச்சத்தை மத்தியானச் சோற்றோடு பிசைந்துகொண்டாலும் நல்லதுதான். ஆபீசுக்கு டப்பாவில் கொண்டு போகிறவர்கள் நன்றாக ஆறவைத்து மூடுங்கள், மூடியில் வேர்த்த தண்ணி நின்றால் மத்தியானத்துக்குள் நூல்விட்டுவிடும். சாப்பிட்ட உடனே டீக்கடைக்குப் போகாதீர்கள், ஒரு மணி நேரம் பொறுத்துப் போங்கள்.